கை மறவாதிருக்க

நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமத்த வேண்டும். ஆறைத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 தரத்துக்குக் குறையக் கூடாது, 120க்கு மேலே போகவும் கூடாது. ஒவ்வொரு அமத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழும்ப விட வேண்டும். முப்பது தரம் அமத்தினால் இரண்டு மூச்சு. எழுதித் தரச் சொன்னால் அம்புலன்சில் வேலை செய்கிற பிள்ளைகள் ஒருவர் விடாமல் இதைச் சரியாக எழுதுவார்கள். பொம்மையை நிலத்தில் கிடத்தி, "செய்து காட்டுங்கோ தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். முதல் அரை நிமிடம் நன்றாகத்தான் போகும். பிறகு வேகம் ஏறும், ஆழம் குறையும், முழங்கை மடங்கும், உள்ளங்கை எழும்பாமல் நெஞ்சின்மேலேயே சாய்ந்து நிற்கும். தலைக்குத் தெரிந்தது கைக்கு வருவதில்லை. அதற்காகத்தான் மீள்பயிற்சி.

நான் திருமலையில் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்னமும் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள். அம்புலன்சில் போகிற இளம் பிள்ளைகளுக்கும் முதலுதவித் தொண்டர்களுக்கும் பயிற்சி நடக்கும்போது கூப்பிட்டால் போய் உதவி செய்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியை இறக்கும்போது அவர் எந்த நிலையில் வருகிறார் என்பதை வருடக்கணக்காகப் பார்த்தவள் என்பதால், வாசலுக்கு வரும் முன் நடக்கிற வேலையில் எனக்கு அக்கறை அதிகம். அந்த வேலையைச் செய்கிறவர்களை ஒருமுறை படிப்பித்து விட்டால் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திருமலை போன்ற ஒரு மாவட்டத்தில் அது போதவே போதாது.

முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் அம்புலன்ஸ் என்றால் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியை மாற்றுகிற வாகனம். வீட்டிலிருந்து வாசலுக்கு வருவது அவரவர் பாடு. ஆட்டோவில் வந்தார்கள், ட்ராக்டர் பெட்டியில் வந்தார்கள், சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சில் வந்தார்கள். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கும் வரை, நகரத்துக்கு இத்தனை அருகில் இருக்கிற கிண்ணியாவிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவருவதற்கும் பாதைப்படகுக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் எத்தனை உயிரைக் காத்தது என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். வாசலில் நின்ற எங்களுக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

1990 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கூப்பிடுகிற சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வந்தது அதற்குப் பிறகு. 2016 யூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 அம்புலன்சுகளோடு அந்தச் சேவை தொடங்கியது. அப்போதைய பிரதி வெளிவிவகார அமைச்சர் ஹர்ஷ டி சில்வா அதற்காக முன்னின்று பாடுபட்டார். இந்தியா 7.56 மில்லியன் டொலரை நன்கொடையாகக் கொடுத்தது. வைத்தியர் சங்கத்திடமிருந்து எதிர்ப்பும் வந்தது. 2018 யூலையில் யாழ்ப்பாணத்தில் இரண்டாம் கட்டம் தொடங்கி, இன்னுமொரு 15.02 மில்லியன் டொலர் உதவியோடு சேவை நாடு முழுக்கப் பரவியது. மொத்த வண்டிகள் 297 ஆகின. ஐதராபாத்தில் 2005 ஓகஸ்ட் 15 அன்று 108 சேவையைத் தொடங்கிய அதே ஈஎம்ஆர்ஐ நிறுவனம்தான் இங்கேயும் ஆரம்பத்தில் நடத்தியது. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிற 108ம் அவர்கள் கட்டியதுதான். முதல் தொகுதிப் பிள்ளைகள் ஐதராபாத்துக்குப் போய்ப் படித்து வந்தார்கள். 2018இல் தனிச் சட்டம் ஒன்றின் மூலம் சுவசெரிய மன்றம் உருவானது. 1990ஐ அழுத்தினால் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கதைக்கலாம். காசு கேட்க மாட்டார்கள். வண்டியில் இரண்டு பேர் வருவார்கள். ஓட்டுகிறவரைப் பைலட் என்பார்கள். நோயாளியோடு பின்னால் இருக்கிறவர் ஈஎம்டி.

அந்த ஈஎம்டிக்கு எவ்வளவு வேலை தெரிந்திருக்க வேண்டும்? இதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் படிப்படியாக வைத்திருக்கிறார்கள். அடிப்படை ஈஎம்டி ஒக்சிசன் கொடுப்பார், இரத்தத்தை நிறுத்துவார், நெஞ்சை அமத்துவார், மின்னதிர்ச்சிக் கருவியை வைப்பார். அதற்கு அடுத்த படி உயர்நிலை ஈஎம்டி. அவர் நாளத்தில் ஊசி ஏற்றுவார். நாளம் கிடைக்காவிட்டால் எலும்புக்குள்ளே ஏற்றுவார். தொண்டைக்குள் காற்றுப் பாதைக் கருவி போடுவார். சீனி இறங்கிக் கிடப்பவருக்குக் குளுக்கோஸ், ஒவ்வாமையில் மூச்சடைப்பவருக்கு அட்ரினலின் போன்ற சில மருந்துகளைக் கொடுப்பார். அதற்கும் மேலே பராமெடிக். தேசியப் பதிவை வைத்திருக்கிற இவர்கள் எல்லோரும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தங்கள் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். அடிப்படை நிலைக்கு 40 மணித்தியாலம், உயர்நிலைக்கு 50, பராமெடிக்குக்கு 60.

அந்த 50 மணித்தியாலத்தை அவர்கள் பிரித்திருக்கிற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. பாதி நேரம் நாட்டுக்கெல்லாம் பொதுவான பாடம். கால் பங்கு அந்தந்த ஊரின் தேவைக்கு. மிச்சக் கால் பங்கு அந்த ஆளுக்கு எது குறை என்று தெரிகிறதோ அதற்கு. அந்த நடுக் கால் பங்கை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கொழும்பில் தயாரிக்கிற பாடத்தில் கொழும்பின் வாகன விபத்து இருக்கும், மாரடைப்பு இருக்கும், பக்கவாதம் இருக்கும். அவை எங்களுக்கும் வேண்டும்தான். ஆனால் எங்கள் கடலும் எங்கள் வயலும் தருகிற வருத்தங்களை நாங்கள்தான் படிப்பிக்க வேண்டும்.

அதற்கு முன் கை மறப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெஞ்சமத்தும் திறமை பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தேய்ந்துவிடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை மறக்காது. பிரஷர் பார்க்க எந்த ஈஎம்டிக்கும் மீள்பயிற்சி தேவையில்லை. எப்போதாவது வந்து, வரும்போது ஓர் உயிரை வைத்துக்கொண்டு வருகிற வேலைதான் மறக்கும். புதிதாகப் பிறந்து மூச்செடுக்காமல் கிடக்கிற குழந்தையை ஓடுகிற வண்டிக்குள் ஓர் ஈஎம்டி வருடத்தில் எத்தனை தரம் பார்ப்பார்? ஒரு தரம் வரலாம், வராமலும் போகலாம். வந்தால், துடைத்து, சூடாக்கி, முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். யோசித்துப் பார்க்க அங்கே நேரம் கிடையாது.

மில்வாக்கி நகரில் செய்து 2004இல் வெளியான ஓர் ஆய்வை நான் வகுப்பில் எப்போதும் சொல்வேன். இதயம் நின்ற நோயாளிகளுக்கு, நல்ல பயிற்சி பெற்ற அம்புலன்ஸ் பணியாளர்கள் பையை அமத்தி நிமிடத்துக்கு எத்தனை மூச்சு கொடுத்தார்கள் என்று அளந்தார்கள். சராசரி 30. தொண்டையில் குழாய் போட்டவருக்கு இன்றைய வழிகாட்டல் சொல்வது 10. பதற்றத்தில் கை தானாக அமத்திக்கொண்டே இருக்கிறது. நெஞ்சுக்குள் காற்றழுத்தம் ஏறினால் இதயத்துக்குத் திரும்புகிற இரத்தம் குறையும். உதவி செய்கிற கையே உயிரை எடுக்கும். இடையில் மறுபடி பயிற்சி கொடுத்து அளந்து பார்த்தபோது வேகம் குறைந்தது, ஆனால் வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. ஒரு தரம் திரும்பச் சொல்லிக் கொடுத்தாலும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பெரிய ஆளுக்கான பையில் ஒன்றரை லீற்றர் அளவுக்குக் காற்றுப் பிடிக்கும். தேவை அரை லீற்றருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கையால், மூன்றில் ஒரு பங்கு, நெஞ்சு எழும்புவது கண்ணுக்குத் தெரிந்ததும் விட வேண்டும். நான் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு ஆறு செக்கனுக்கு ஒருக்கால் "இப்ப" என்று சொல்வேன். ஆறு செக்கன் இவ்வளவு நீளமா என்று அவர்களுக்கு முதலில் நம்பிக்கை வராது.

அறிவும் மாறுகிறது. நான் படித்த காலத்தில் 15 அமத்தலுக்கு இரண்டு மூச்சு. 2005இல் அது 30க்கு இரண்டு ஆனது. முதலில் காற்றுப் பாதை, பிறகு மூச்சு, பிறகு நெஞ்சு என்று மனப்பாடம் செய்தோம். 2010இல் நெஞ்சை முதலில் அமத்தச் சொன்னார்கள். நெஞ்சு நோ என்று யார் வந்தாலும் ஒக்சிசன் முகமூடியை மாட்டி விட்டோம். சுவீடனில் செய்து 2017இல் வெளியான பெரிய ஆய்வு, இரத்தத்தில் ஒக்சிசன் 90 வீதத்துக்குக் குறையாத மாரடைப்பு நோயாளிக்கு அதனால் பயன் இல்லை என்று காட்டியது. கை கால் அறுந்து இரத்தம் பீறும்போது இறுக்கிக் கட்டும் பட்டி ஒரு காலத்தில் ஆகாத விஷயம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்களங்களில் அது காப்பாற்றிய உயிர்களைப் பார்த்த பிறகு, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வை என்கிறார்கள். முதுகெலும்பு என்று நினைத்தால் உடனே கட்டைப் பலகையில் பிணைத்தோம். இப்போது அதையும் தெரிந்தெடுத்துத்தான் செய்ய வேண்டும். பத்து வருடத்துக்கு முன் முதல் தரமாகத் தேறிய ஒருவர் அன்றைக்குப் படித்ததை அப்படியே செய்தால், அவர் அக்கறையோடு பிழை செய்கிறவராக இருப்பார்.

இனி எங்கள் கடலுக்கு வருகிறேன். நெஞ்சை முதலில் அமத்து என்ற விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு: தண்ணீரில் மூழ்கியவர். மாரடைப்பில் விழுந்தவரின் இரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்கு ஒக்சிசன் மிச்சம் இருக்கும். அதைச் சுற்ற விட்டால் போதும். மூழ்கியவருக்கு ஒக்சிசன் தீர்ந்து போனதால்தான் இதயம் நின்றது. வெறும் இரத்தத்தைச் சுற்ற விட்டு என்ன பயன்? முதலில் மூச்சு. ஐரோப்பிய வழிகாட்டலில் ஐந்து மூச்சு, அமெரிக்க வழிகாட்டலில் இரண்டு. இரண்டு பக்கத்தாரும் மூச்சைத்தான் முன்னே வைக்கிறார்கள். வாயில் நுரை வரும், வந்துகொண்டே இருக்கும். அதைத் துடைத்துக்கொண்டிருக்காமல் அதற்கு மேலேயே காற்றைக் கொடுக்க வேண்டும். வயிற்றை அமத்தித் தண்ணீர் எடுக்கக் கூடாது.

இதை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கரையில் நிற்கிற எல்லோருக்கும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மூழ்கிய பிள்ளையைத் தூக்கியதும் செய்கிற முதல் வேலை, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது. அன்பினால்தான் செய்கிறார்கள். அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் பிள்ளைக்கு இருந்த நேரம். அம்புலன்ஸ் வரும்போது ஈஎம்டி எதிர்கொள்வது ஒரு நோயாளியை மட்டுமில்லை, சுற்றி நின்று கத்துகிற ஐம்பது பேரையும் தான். "தள்ளுங்கோ" என்று சொல்லத் தெரிவதும், "நானா, நீங்க இந்த லைட்டைப் பிடியுங்கோ" என்று கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு வேலையைக் கொடுத்துத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளத் தெரிவதும் பயிற்சிதான். நாங்கள் பழக்கும்போது வேண்டுமென்றே நாலைந்து பேரைச் சுற்றி நிறுத்திக் கத்த விடுவோம். தாயாக ஒருத்தி நடித்து ஈஎம்டியின் கையைப் பிடித்து இழுப்பாள். அதற்குள் எண்ணிக்கை தவறாமல் முப்பது வரை அமத்த வேண்டும்.

2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் பாதைப்படகு கவிழ்ந்ததை இந்த மாவட்டம் மறக்காது. பாலம் கட்டுகிற வேலை முடியாமல் கிடந்த இடம். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படக் குறைந்தது ஆறு பேர் போனார்கள். அப்படியான ஒரு காலையில் ஒரே நேரத்தில் இருபது பேர் கரையில் கிடப்பார்கள், வந்த வண்டியில் ஈஎம்டி ஒருவர்தான் இருப்பார். யாரிடம் முதலில் போவது? அழுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது. சத்தம் போடாமல் கிடக்கிற பிள்ளையிடம் முதலில் போக வேண்டும். சொல்லும்போது இது சுலபமாக இருக்கிறது. அழுகிற பிள்ளையைக் கடந்து நடப்பதற்குக் காலைப் பழக்க வேண்டும். 2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமியில் கிண்ணியா வைத்தியசாலையே அழிந்து போனது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மூதூர், வெருகல் பக்கங்களை வெள்ளம் சூழ்ந்தது. கூட்டமாக அடிபடுவது எங்களுக்கு நூற்றாண்டுக்கு ஒரு தரம் வருகிற விஷயமில்லை. அதனால் ஒவ்வொரு மீள்பயிற்சியிலும் ஒரு பகுதி இதற்கென்று இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பயிற்சிப் பொம்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது உலகம் முழுக்கப் பாவிக்கிற அந்தப் பெண் முகத்துப் பொம்மையை 1960இல் செய்தவர் நோர்வேயில் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டல். பரிஸில் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படுகிற, பெயர் தெரியாத ஓர் இளம் பெண்ணின் முகத்தை அச்செடுத்து அதற்கு வைத்தார்கள். எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொன்னால், அடுத்த தரம் அவர்கள் அந்த முகத்தைப் பிடிக்கிற விதமே மாறிவிடும்.

கடலில் மூழ்குவதைவிட யாருக்கும் அதிகம் தெரியாத இன்னொன்று இருக்கிறது. கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுகிறவர்களுக்கு வருகிற வாதம். எங்கள் பயிற்சி ஒன்றுக்கு ஒரு பழைய சுழியோடியைக் கூட்டி வந்திருந்தோம். தடியை ஊன்றித்தான் நடக்கிறார். பிள்ளைகள் சுற்றி இருக்க, அவர் சொன்னார்: "மூணாவது சிலிண்டர் முடிஞ்சு மேல வந்தன். ஒரு பீடி பத்தினன். தோள் மூட்டுக்குள்ள ஆரோ கம்பியால குத்துற மாதிரி. பிறகு பாத்தா ரெண்டு காலும் என்ட கால் இல்ல." கூட வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "இன்னொரு சிலிண்டரக் கட்டித் திரும்ப இறக்கினாங்க மிஸ்ஸி. கீழ போனா நோ குறையும் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

குறையும் என்பது உண்மை, அதுதான் பயங்கரம். ஆழத்தில் அழுத்தம் கூட. சுவாசிக்கிற காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேரும். மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள் குமிழ் கிளம்பும். மூட்டில் கிளம்பினால் நோ. முள்ளந்தண்டில் கிளம்பினால் கால் போகும், சிறுநீர் போகாது. திரும்ப இறக்கினால் குமிழ் அமுங்கி நோ குறையும், ஆனால் காற்றுத் தீர்ந்து மறுபடி மேலே வரும்போது முன்னதைவிட மோசமாக வரும். பாதி உணர்வில் இருப்பவர் கீழேயே போய்விடவும் கூடும்.

ஓர் ஈஎம்டி இதற்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் உறுதியாகச் செய்ய வேண்டும். மட்டமாகப் படுக்க வைக்க வேண்டும். விரலில் மாட்டிய கருவி 99 என்று காட்டினாலும் முழு ஒக்சிசனை, காற்றுக் கலக்காத முகமூடியால், விடாமல் கொடுக்க வேண்டும். நெஞ்சு நோக்காரருக்கு ஒக்சிசனை அளந்து கொடு என்று காலையில் படிப்பித்துவிட்டு, பின்னேரம் சுழியோடிக்கு அள்ளிக் கொடு என்று சொல்வோம். நைதரசனை உடம்பிலிருந்து இழுத்து எடுக்கத்தான் இங்கே ஒக்சிசன் என்று காரணத்தோடு சொன்னால் குழம்ப மாட்டார்கள். எத்தனை ஆழம், எத்தனை தரம், எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்று கூட வந்தவரிடம் கேட்டு எழுத வேண்டும். திருமலைக் கடற்படைத் தளத்தில் இதற்கான அழுத்த அறை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வழியிலேயே தகவல் சொன்னால் ஏற்பாட்டை முன்கூட்டியே தொடங்கலாம். கரையிலிருந்து சில மைல் தூரத்தில் மருந்து இருக்க, அது தெரியாமல் ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தடி ஊன்றுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்தச் சுழியோடி கதைத்து முடித்த பிறகு மூதூர்த் தம்பி ஒருவர் எழுந்து அவர் காலைத் தொட்டு, எந்த இடத்தில் உணர்வு நிற்கிறது என்று விரலால் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நல்ல பயிற்சி அங்கேதான் நடக்கும்.

வயல் பக்கத்தில் பாம்பு. தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் வரம்பில் மிதிபடுகிற கண்ணாடி விரியன் கடித்தால் இடம் வீங்கும், நோகும், இரத்தம் உறையாது; ஆளுக்கும் உடனே தெரியும். பாயில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடிப்பது அப்படியில்லை. நோவு இல்லை, வீக்கம் இல்லை, பல் பட்ட இடம் கூடத் தெரியாது. விடியப்புறம் வயிற்றுக்குள் ஒரு மாதிரி இருக்கிறது என்று எழும்புவார். அந்த நேரத்தில் ஈஎம்டி பார்க்க வேண்டியது கண் இமையை. இமை பாதி இறங்கி, நிமிர்த்தச் சொன்னால் நிமிராமல் இருந்தால், இனி விழுங்க முடியாமல் போகும், பிறகு மூச்சுத் தசையும் ஓயும். போகிற வழியில் பையால் மூச்சு கொடுக்க வேண்டி வரலாம் என்று தயாராக ஏற வேண்டும். "நித்திரைத் தூக்கம்" என்று வீட்டார் சொல்வதை நம்பிவிடக் கூடாது. கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு வர வேண்டும். ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றும்போது கடும் ஒவ்வாமை வருவதுண்டு. மருந்துக்கு முன்பே சிறு அளவு அட்ரினலின் போட்டால் அது நன்றாகக் குறைகிறது என்று ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் செய்து பார்த்துக் காட்டிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. அது எங்கள் இலங்கையிலேயே செய்த ஆய்வு. இதையெல்லாம் வெளிநாட்டுப் பாடத்தில் தேட முடியாது.

தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். புல்மோட்டையிலிருந்து திருமலை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். இடையில் குச்சவெளி, நிலாவெளி. பட்டணத்தில் பத்து நிமிடம் நோயாளியோடு இருக்கிற ஈஎம்டி இங்கே ஒரு மணித்தியாலத்துக்கு இருக்க நேரலாம். கட்டிய பட்டியை எப்போது கட்டினோம், சேலைன் எவ்வளவு இறங்கியது, ஒக்சிசன் சிலிண்டர் இன்னும் எத்தனை நிமிடத்துக்கு வரும் என்ற கணக்கெல்லாம் தூரத்தோடு முக்கியமாகிறது. ஓடுகிற வண்டியில் நெஞ்சமத்துவது நிலத்தில் அமத்துவது போல வராது. வளைவில் உடம்பு சரியும், ஆழம் குறையும். அதனால் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நல்லபடியாகச் செய்வதா, ஏற்றிக்கொண்டு ஓடுவதா என்ற முடிவை எடுக்கவும் பழக வேண்டும். பைலட்டையும் இந்தப் பயிற்சியில் இருத்த வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கால் கை மாற்றி அமத்த இரண்டாவது ஆள் அவர்தான்.

ஒரு முறை ஒரு மீள்பயிற்சிக்குப் பார்வையாளராகப் போயிருந்தேன். காலையிலிருந்து பின்னேரம் வரை சுவரில் படம் போட்டுக் கதைத்தார்கள். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த மொழி ஓடவில்லை. இரண்டு பொம்மைகள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. வரவு இடாப்பில் கையெழுத்து வாங்கினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். இரவு வேலை முடித்து நேரே வந்திருந்த கந்தளாய்த் தங்கச்சி ஒருத்தி, "மிஸ்ஸி, பிள்ளை பிறந்து அழாட்டி பையை எவ்வளவு அமத்திறது எண்டு கேக்கத்தான் வந்தனான்" என்று என்னிடம் சொன்னாள். பெட்டியைத் திறக்கச் சொல்லி, வெளி விறாந்தையில் வைத்து அவளுக்குக் காட்டினேன். சிறிய பை, இரண்டு விரல், நெஞ்சு லேசாக எழும்பும் அளவு, நிமிடத்துக்கு 40 முதல் 60. அவள் கைக்கு அது வரும் வரை திரும்பத் திரும்பச் செய்தாள். அந்த நாளில் நடந்த பயிற்சி அவ்வளவுதான் என்று எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் தங்கள் ஓய்வு நாளைக் கொடுத்து வருகிறார்கள். அதற்குரிய மரியாதை, அவர்கள் கையில் கருவியைக் கொடுப்பது.

வருடத்தில் ஒருமுறை நீளமாக நடத்துவதைவிட, மாதம் ஒருமுறை அரை மணித்தியாலம் அவர்கள் நிற்கிற இடத்துக்கே பொம்மையைக் கொண்டு போவது நல்லது என்று நினைக்கிறேன். அமெரிக்க இதயச் சங்கமும் இரண்டு வருடத்துக்கு ஒரு நாள் என்பதை விட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறிது நேரம் என்ற முறைக்கு ஆஸ்பத்திரிகளை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு மாதம் நெஞ்சமத்தல், அடுத்த மாதம் பிள்ளைப்பேறு, அதற்கடுத்த மாதம் பாம்பு. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே வண்டியில் வேலை செய்கிற மாவட்டம் இது. "எங்க நோகுது, எப்ப தொடங்கினது, என்ன மருந்து எடுக்கிறீங்க" என்ற கேள்விகளை இரண்டு மொழியிலும் தடுமாறாமல் கேட்கவும் அதே அரை மணித்தியாலத்தில் பழகலாம். கூப்பிடுகிற பொதுமக்களுக்கும் ஒரு வேலை உண்டு. 1990க்கு எடுத்ததும் ஊர்ப் பெயரோடு பக்கத்துக் கோயிலையோ பள்ளிவாசலையோ பாடசாலையையோ சொல்லுங்கள். ஒருவரை ரோட்டு முகப்பில் நிறுத்துங்கள். அவர்கள் கேட்கும் வரை போனை வைக்காதீர்கள்.

சித்திரைக்குப் பிறகு எங்கள் பக்கக் கடல் அமரும். சுழியோடிகள் இறங்குவார்கள், நிலாவெளிக்கு உல்லாசப் பயணிகள் வருவார்கள், ஆவணி தாண்டும் வரை கரையில் சனம் குறையாது. அதற்கு முன் பங்குனியில், மீனவர் சங்கத்துக்காரர்களையும் ஈஎம்டி பிள்ளைகளையும் ஒரே நாளில் கரையில் வைத்துப் பழக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். சங்கத்தார் ஒரு வள்ளம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூழ்கியவருக்கு வள்ளத்துக்குள் வைத்தே மூச்சு கொடுப்பது, கால் போன சுழியோடியை மட்டமாகக் கிடத்தியபடி கரைக்கு இறக்குவது, அலை அடிக்கும்போது ஒக்சிசன் சிலிண்டர் உருளாமல் எந்த மூலையில் கட்டி வைப்பது என்பதெல்லாம் அன்றைக்குப் பார்க்க இருக்கிறது.